துண்டு போன வழி

கொழும்பு கொச்சிக்கடையில் துறைமுக மதிலும் சிவன் கோயிலும் செட்டியார் தெருவும் கூப்பிடு தூரத்துக்குள் இருக்கின்றன. இந்த மூன்றையும் தொட்டுக்கொண்டு போன ஒரு கடதாசி உண்டு. துறைமுகத்தில் ஆட்கள் இறங்கினார்கள். அவர்கள் வருவதற்கும் இருப்பதற்கும் தேவைப்பட்ட பணத்தில் ஒரு பங்கு செட்டியார் தெருவில் புரண்டது. சிவன் கோயிலைக் கட்டிய குடும்பத்தில் பிறந்த ஒருவர், அந்த ஆட்களின் பெயரில் எழுதப்பட்ட கடதாசியை ஒழிப்பதற்காகத் தன் கடைசிக் காலத்தைச் செலவிட்டார். மலைநாட்டில் அதைத் ‘துண்டு’ என்றார்கள். வெள்ளைக்காரத் துரைமார் வேறு பெயர் தேடவில்லை. அவர்களுடைய கடிதங்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் அது துண்டு என்றே வருகிறது.

துண்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான். இன்ன கங்காணியும் அவனுடைய இத்தனை ஆட்களும் இந்தத் தோட்டத்துக்குப் பட்ட கடன் இவ்வளவு. அந்தத் தொகையை இன்ன தவணைக்குள் கட்டினால் இவர்களை விட்டுவிடச் சம்மதம். கீழே துரையின் ஒப்பம். படித்தால் விடுதலைப் பத்திரம் போலத் தோன்றும். அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவனையும், அதில் தலைக்கணக்காக மட்டும் இடம்பெற்றவர்களையும் தொடர்ந்து போனால்தான் அது என்ன செய்தது என்று தெரியும்.

இந்தக் கடதாசி பிறப்பதற்கு முன்பே அதற்கான இடத்தைச் சட்டம் வெட்டி வைத்திருந்தது. 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப் பகுதிகளையும் சென் ஹெலினாவையும் இலங்கையையும் வெளியே விட்டது. இலங்கையில் அடிமைமுறை முழுதாக ஒழிந்தது 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால். கோப்பித் தோட்டங்கள் கண்டி மலைகளில் பரவி, திருச்சி, மதுரை, தஞ்சாவூர், சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1841இல், 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்திருந்தது. கூலிக்காரன் ஒப்பந்தத்தை மீறினால் அது குற்றம் என்றது அந்தச் சட்டம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போனவன் பிடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை. கடனைக் கட்டாத வியாபாரியின் மேல் வழக்குப் போடலாம், பொருளைப் பறிமுதல் செய்யலாம். வேலைக்கு வராத கூலிக்காரனுக்கு விலங்கு. கூலிக்காரனின் மீறலைக் குற்றமாக்கிய 1841ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அடிமையை விடுவித்த 1844ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஒரே அரசாங்கம் மூன்று வருட இடைவெளிக்குள் எழுதியது.

முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு முறையாகப் போகலாமே என்று கேட்கலாம். சட்டப்படி போகலாம். ஆனால் அவன் கையில் காசு இல்லை, கணக்கில் கடன் இருந்தது.

கடன் தொடங்கியது ஊரிலேயே. ஆள் கட்டப்போகும் கங்காணிக்குத் தோட்டம் முற்பணம் கொடுத்தது. இந்தியக் கரையில் செலவிடுவதற்கான பணம் என்பதால் துரைமார் அதைக் ‘கோஸ்ட் அட்வான்ஸ்’ என்றார்கள். கங்காணி அந்தப் பணத்தோடு ஊருக்குப் போய், அங்கே ஒருவனின் பழைய கடனை அடைத்து, இன்னொருவனின் வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுத்து, வழிச்செலவையும் ஏற்று அவர்களை அழைத்து வந்தான். செலவெல்லாம் வந்தவர்களின் கணக்கில் ஏறியது. கங்காணி சொன்னதுதான் கணக்கு. மலையில் வந்து இறங்கியதும் கம்பளி, அரிசி, கலியாணம், கருமாதி என்று அது வளர்ந்தது. கூலி மாதாமாதம் வந்திருந்தால் கொஞ்சமாவது தட்டுப்பட்டிருக்கும். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூலியை மாதம் முடிந்து அறுபது நாளுக்குள் கொடுத்தால் போதும் என்றது. தொழிலாளியைக் காக்க வந்ததாகச் சொல்லப்பட்ட சட்டம் அது. ஆவணியில் வெட்டிய கானுக்குக் கார்த்திகையில் காசு என்றால் நடுவில் உள்ள மாதங்களில் கங்காணியிடம் கடன் வாங்காமல் அடுப்பு எரியாது.

கங்காணி இல்லாமல் தோட்டம் இல்லை. ஆட்களைக் கொண்டுவந்தவனும் காலையில் பெரட்டுக் களத்தில் நிறுத்தி எண்ணியவனும் அவனே. ஒவ்வொரு ஆளும் வேலைக்கு வந்த நாளுக்குத் தோட்டம் அவனுக்குத் தலைக்காசு கொடுத்தது. பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள், அவர்களுக்குக் கீழே சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும். மாமன், மச்சான், சித்தப்பன் என்ற உறவின் வழியாகவே ஆள் கட்டியதால் கடன் உறவோடு பின்னிக்கொண்டது. ஒருவன் செத்துப்போனால் அவன் கடன் சாகவில்லை, உறவுக்காரர் தலையில் வந்து உட்கார்ந்தது. ஒருவன் இரவோடிரவாக ஓடிப்போனால் எஞ்சியவர்கள் அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கங்காணியைக் கொடியவன் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எளிது. பாதிப் பேருக்கு அவன் கொள்ளையன், மறுபாதிப் பேருக்குத் துரையிடம் தமக்காகப் பேசக்கூடிய ஒரே தமிழன். பெரும்பாலும் அவன் இரண்டுமாகவே இருந்தான். அவனும் தோட்டத்துக்குக் கடன்காரன்தான்.

வந்த வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் தலைமுறைகள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியில் விழுந்தவர்களை வழியோரத்தில் விட்டுவிட்டு நடந்த நடை அது. பின்னர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பல் ஓடியது. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பனியைத் தொடங்கி ‘காலியா’, ‘லாவோ’ என்ற கப்பல்களை ஓட்டியது இதே கடல்வழியில்தான். 1901இலிருந்து புதிய ஏற்பாடு ஒன்று வந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தகர வில்லை. அதில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்திருக்கும். அதை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால் வழிச்செலவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டு, பின்னர் அந்தத் தோட்டத்திடமிருந்து அறவிடும். நடந்து சாகாமல் வர வழி செய்தது என்று அதை ஆதரித்தவர்கள் சொன்னார்கள். அது பொய்யில்லை. ஆனால் கொழும்பு ஜெட்டியில் கால் வைக்கும்போதே அந்த ஆள் எந்தத் தோட்டத்தின் கணக்கில் இருக்கிறான் என்பது அவன் நெஞ்சில் தொங்கியது. அந்த ஜெட்டியிலிருந்து அவர்கள் கொச்சிக்கடையின் வாசம்கூடப் படாமல் ராகமை முகாமுக்குப் போனார்கள். தொற்று நோய்க்காக அங்கே அடைத்து வைத்துப் பார்த்த பிறகுதான் மலை ரயில். 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயிலும் வந்தபின் இந்தப் போக்குவரத்து இந்தியக் கரையில் இருந்த மண்டபம் முகாமின் பக்கம் திரும்பியது.

தகர வில்லை ஆளைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது. துண்டு அவனை இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டுபோனது.

ஒரு துண்டின் போக்கைக் கற்பனையாக ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். கங்காணியிடம் நாற்பது ஆட்கள், தோட்டத்துக்குக் கடன் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 75 ரூபாய். துரையோடு சண்டை, அல்லது கூடுதல் முற்பணம் கேட்டுக் கிடைக்கவில்லை. கங்காணி துண்டு கேட்கிறான். துரைக்குக் கொடுக்க மனமில்லை. ஆனால் கொடுக்காவிட்டால் ஆட்கள் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து வேலையைக் குழப்புவார்கள். எழுதிக் கொடுக்கிறார். கங்காணி அதை மடியில் கட்டிக்கொண்டு மலை இறங்குகிறான். தேயிலை கொழுந்து விட்டிருக்கிற மாதம், எங்கும் ஆள் பற்றாக்குறை. இரண்டாம் தோட்டத்துத் துரை துண்டைப் பார்க்கிறார், ஆட்களைப் பற்றி விசாரிக்கிறார். கங்காணி 4,000 கேட்கிறான். பழைய தோட்டத்துக்கு 3,000 போகிறது, மிச்சம் 1,000 கங்காணியின் கையில். புதிய தோட்டத்தின் பேரேட்டில் அந்த நாற்பது பேரின் கடன் 4,000 என்று ஏறுகிறது. தலைக்கு 100 ரூபாய்.

அந்த நாற்பது பேரும் செய்தது ஒன்றுதான். சட்டி பானையையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நடந்தார்கள். அதற்காக ஆளுக்கு 25 ரூபாய் கடன் கூடியது. அக்காலத்தில் ஆண் கூலிக்கு ஒரு நாட்பேர், அதாவது ஒரு நாள் வேலை, 33 சதம். 100 ரூபாய் என்றால் முந்நூறு நாட்பேர், அதுவும் ஒரு சதம்கூட உண்ணாமல் உடுக்காமல் இருந்தால். கொழுந்து நிறை குறைந்தால், காடு வெட்டி முடியாவிட்டால் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிடுவார். பெண்ணுக்குக் கூலி அதைவிடக் குறைவு. மூன்று முறை துண்டு மாறிய குழு எந்தப் பிறவியில் கடனை அடைக்கும்? அடைக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. கடன் இருக்கும் வரைதான் ஆள் இருக்கும்.

தோட்டக் கம்பனிகளின் வருடாந்தக் கணக்குகளில் இந்தக் கோஸ்ட் அட்வான்ஸ் எந்தப் பக்கத்தில் நின்றது என்பதைப் பார்த்தால் மற்றதெல்லாம் விளங்கும். அது சொத்துப் பக்கத்தில் நின்றது, நிலத்தோடும் இயந்திரத்தோடும் சேர்ந்து. 1844இல் ஒழிந்ததாகச் சொன்ன ஒன்று ஐந்தொகையில் உயிரோடு இருந்தது என்று இதைப் படிக்காமல் வேறெப்படிப் படிப்பது?

செட்டியார் தெருவுக்கு வருகிறேன். இன்று நகைக்கடைத் தெருவாக அறியப்படும் அந்தத் தெருவில் அப்போது நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. கதிரேசன் கோயில்கள் இரண்டும் அவர்கள் வைத்தவை. ஆடிவேல் அங்கிருந்துதான் புறப்படும். ஆங்கிலேய வங்கிகள் கங்காணியின் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுப்பதில்லை, நகரத்தார் கொடுத்தார்கள். மலைநாட்டுப் பட்டினங்களில் இருந்த அவர்களுடைய கடைகளிலும் கங்காணி கைநீட்டினான். அரிசி இறக்குமதியிலும் அவர்கள் கை இருந்தது. தோட்டம் முற்பணம் தர மறுத்தால் செட்டியாரிடம் வட்டிக்கு வாங்கலாம், அந்த வட்டியைக் கட்டப் பணம் வேண்டுமானால் ஆட்களோடு துண்டு மாறலாம். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியின் விரல் வேகத்தின் மேல் கங்காணியும் துரையும் லண்டன் பங்குதாரரும் காரைக்குடி வட்டிக்கடையும் உட்கார்ந்திருந்தார்கள். நகரத்தாரைத் தனியே குற்றம் சொல்ல நான் வரவில்லை. கடன் கொடுத்தவர்கள் அவர்கள், ஆளை அடைமானமாக்கிய சட்டத்தை எழுதியவர்கள் வேறு. ஆனால் தமிழன் தமிழனுக்குக் கொடுத்த கடனும் அந்தச் சங்கிலியில் ஒரு வளையம் என்பதை நாம் எழுதாமல் விட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

பணம் கட்டி முடிந்ததும் பழைய தோட்டம் ஆளாளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தது. ஆங்கிலத்தில் ‘டிஸ்சார்ஜ் டிக்கட்’. தோட்டத்துத் தமிழில் பத்துச்சீட்டு. அது இல்லாதவனைச் சேர்த்துக்கொள்வது ஆளைக் களவெடுத்ததற்குச் சமம் என்று துரைமார் தமக்குள் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். டிஸ்சார்ஜ் என்ற ஆங்கில வினை கொழும்புத் துறைமுகத்தில் நாள் முழுக்கப் புழங்குவது. கப்பலிலிருந்து சரக்கை இறக்கினாலும் டிஸ்சார்ஜ்தான். பெரியாஸ்பத்திரியிலிருந்து நோயாளி வீடு போவதும், நீதவான் எதிரியை விடுவிப்பதும், சிப்பாய் படையை விட்டு விலகுவதும், கடனைத் தீர்ப்பதும், துப்பாக்கி வெடிப்பதும் அதே வினை. வண்டியிலிருந்து பாரத்தை இறக்குவதுதான் அதன் பழைய பொருள். பாரம் யாருடையது, இறங்கியது எது என்பதைப் பொறுத்து அந்த வினை ஒருவனுக்கு விடுதலையாகும், இன்னொருவனுக்கு வெளியேற்றமாகும். துண்டில் இறங்கியது பழைய தோட்டத்தின் பாரம். ஆள் தன் பாரத்தைச் சுமந்துகொண்டே அடுத்த மலைக்குப் போனான்.

எதிர்ப்பு முதலில் வந்தது இரக்கத்தால் அல்ல, எரிச்சலால். துண்டு மாறி மாறி முற்பணம் ஏறிக்கொண்டே போவது தோட்டக்காரர்களுக்கே தாங்கவில்லை. ஒருவர் ஆளை இன்னொருவர் இழுப்பதாகத் தோட்டத் துரைமார் சங்கத்தில் ஓயாத புகார். 1904இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தை அவர்கள் திறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1908இல் அரசாங்கம் ஒரு விசாரணைக்குழு வைத்தது. துண்டு தீமை என்பதில் பலருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதை விட்டுவிட யாருக்கும் துணிவும் இல்லை, ஏனென்றால் முதலில் விடுபவன் ஆட்களை இழப்பான்.

பிறகு இரண்டு திசைகளிலிருந்து அழுத்தம் வந்தது. இந்தியாவில் ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிரான கிளர்ச்சி வலுத்து, 1917இல் அந்த முறையில் ஆள் ஏற்றுமதி செய்வது நின்றது. அதே ஆண்டு மதராஸ் அரசாங்கத்துக்காக மார்ஜோரிபாங்ஸ் என்ற அதிகாரியும் அகமது தம்பி மரைக்காயரும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தார்கள். இலங்கையில் இருப்பது ஒப்பந்தக் கூலி முறை அல்ல, இங்கே ஆள் சுதந்திரமானவன் என்று தோட்டக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த வாதத்துக்கு நேராக அந்த அறிக்கை கடனைக் காட்டியது. இந்தியா கதவை மூடிவிட்டால் தேயிலை நின்றுபோகும் என்ற பயம் கொழும்பில் பிடித்தது.

இன்னொரு திசை கொச்சிக்கடை. பொன்னம்பல முதலியார் 1857இல் அங்கே ஸ்ரீ பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைக் கட்டினார். பின்னர் மகன் இராமநாதன் அதைக் கருங்கல்லில் எழுப்பினார். தூண்களில் இன்றும் கையை வைத்தால் உச்சிவெயிலிலும் குளிர்ந்திருக்கும். இளைய மகன் அருணாசலம் கோயில் கட்டவில்லை. கேம்பிரிட்ஜில் படித்து, 1875இல் போட்டிப் பரீட்சை மூலம் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர் அவர். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தியவர். நாட்டின் ஒவ்வொரு தலையையும் எண்ணிய மனிதருக்குத் தோட்டத்து லயங்களில் எத்தனை தலைகள் என்பது தெரிந்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு 1915இல் சமூக சேவைக் கழகத்தையும், 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் தொடங்கினார். அதே 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராகவும் ஆனார். வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. ஒப்பந்தத்தை மீறினால் சிறை என்ற விதியையும் துண்டையும் ஒழிக்க வேண்டும் என்று தேசாதிபதிக்கும் லண்டனுக்கும் இந்தியத் தலைவர்களுக்கும் விடாமல் எழுதினார். கொழும்பின் மேட்டுக்குடித் தமிழர்களில் பலருக்கு மலையகம் என்பது தேயிலை வரும் இடம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லாத காலத்தில் அவர் இதைச் செய்தார். அரசியல் சீர்திருத்தத்துக்காக அவரை நினைவுகூர்பவர்கள் இந்த ஒரு காரியத்தை முன்னால் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் வேறு வகை. தோட்டத்துக்குள் வெளியார் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. புடவை வியாபாரி போல மூட்டை தூக்கிக்கொண்டு லயங்களுக்குள் போனார். பார்த்ததை எழுதினார். 1921இல் கொழும்பிலிருந்து ‘தேசநேசன்’ நாளிதழை நடத்தினார். மகஜரும் பத்திரிகையும் ஒரே நேரத்தில் இயங்கின. இந்தியாவின் நிர்ப்பந்தம் பின்னால் நின்றது.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டை ஒழித்தது. ஒப்பந்தத்தை மீறிய இந்தியத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் விதியும் அதோடு போயிற்று. 1841இலிருந்து எண்ணினால் எண்பது ஆண்டுகள். 1923இல் இந்திய அரசாங்கத்தின் முகவர் கண்டியில் வந்து அமர்ந்தார். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அருணாசலம் அதைக் காணவில்லை. 1924 ஜனவரி 9ஆம் திகதி, யாத்திரை போன இடத்தில், மதுரையில் காலமானார். அந்தத் தொழிலாளர்களில் பலருடைய சொந்தச் சீமை அது.

துண்டு போனது. பத்துச்சீட்டு தங்கியது. 1930களின் உலக மந்தத்தில் தேயிலை விலை விழுந்தபோது தோட்டங்கள் ஆட்களை ஆயிரக்கணக்கில் நிறுத்தி இந்தியாவுக்கு அனுப்பின. முன்பு தவம் கிடந்தும் கிடைக்காத சீட்டைத் துரை இப்போது தானாகவே நீட்டினார். ‘பத்துச்சீட்டுக் கிழிச்சிடுவேன்’ என்பது மலையகத்தில் மிரட்டலானது. சங்கத்தில் சேர்ந்தவனுக்கும், கணக்கப்பிள்ளையை எதிர்த்துப் பேசியவனுக்கும், மகளை அதட்டியவனைத் தட்டிக்கேட்ட தகப்பனுக்கும் அது கிழிந்தது. வேலை போனால் லயக் காம்பிராவும் போகும். பிறகு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாட்டையே பறித்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக ஒத்திவைத்தது. இரண்டு நாட்டுத் தலைவர்களும் எண்ணிக்கையில் ஒத்துப்போனார்கள். துண்டிலும் அப்படித்தான் இருந்தது, ஆளுக்குப் பதில் எண்ணிக்கை.

கதையை இங்கே நிறுத்தியிருப்பேன். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவர்கள் என்னை நிறுத்தவிடவில்லை. கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மதம் பார்த்து யாரும் வருவதில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுக்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை. சொரூபத்தின் பாதத்தில் கடவுச்சீட்டைத் தொட வைத்து எடுக்கிறவர்களை வரிசையில் பார்க்கலாம். அவர்களில் வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகும் மலையகப் பெண்கள் நிறைய. கொட்டாஞ்சேனைப் பெண்களும் உண்டு. 1980களிலிருந்து இது பெரிய பிழைப்பு. 1985இல் அதற்கென்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமே உருவானது.

ஒரு செவ்வாயன்று கோயில் வாசலில் மெழுகுதிரி வாங்கிக்கொண்டு நின்ற ஒருவர், ஹட்டன் பக்கத்துக்காரர், சவூதியில் இருந்து வந்தவர், சொன்னார்: “மூணாவது மாசமே ரிலீஸ் கேட்டேன் அண்ணே. ‘காசு கட்டி எடுத்தது நான், அந்தக் காச வச்சிட்டுப் போ’ன்னு மடம் சொல்லிருச்சு. பொறகு வேற வீட்டுக்காரங்க காசு குடுத்தாங்க. அப்பதான் ரிலீஸ் குடுத்துச்சு.” ரிலீஸ் என்ற சொல்லை அவர் தமிழ்ச் சொல்லைப் போலவே சொன்னார். அந்தக் காசு அவர் சம்பளத்தில் கழிந்ததா என்று கேட்டேன். முதல் வீட்டில் இருந்த மாதங்களுக்குச் சம்பளமே வரவில்லை என்றார். புறப்படுமுன் முகவர் வீட்டுக்குக் கொடுத்த முற்பணத்தில் தகரக் கூரை போட்டிருந்தார்கள். பாதியில் திரும்பினால் அதையும் கேட்பார்கள் என்று பயந்து இருந்திருக்கிறார்.

அரபு நாடுகளில் ‘கஃபாலா’ என்று சொல்லப்படும் முறை இது. வேலைக்காரரின் தங்கும் உரிமை எசமானின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும். அவர் எழுதிக் கொடுத்தால்தான் இன்னொருவரிடம் மாறலாம். எழுதிக் கொடுப்பதைச் சவூதியில் ‘தனாஸுல்’ என்பார்கள், நம்மவர்கள் ரிலீஸ் என்கிறார்கள். எழுதாமல் கிளம்பினால் ஓடிப்போனவர் என்று பொலிசில் முறைப்பாடு போகும். துண்டு முறையில் இருந்த அத்தனை உறுப்புகளும் இதில் இருக்கின்றன: முற்பணம், ஆள் கட்டும் இடைத்தரகர், விடுவிக்கும் தாள், விடுவிக்காவிட்டால் சிறை. இலங்கையில் துண்டை ஒழித்ததைப் போலவே அங்கும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. கட்டார் 2020இல் எசமானின் ஆட்சேபனையின்மைக் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டம் செய்தது, வீட்டுவேலைக்காரருக்கும் சேர்த்து. 2021 மார்ச் 14ஆம் திகதி சவூதியும் ஒரு சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு வருடம் வேலை செய்தவர்கள் எசமானின் சம்மதமின்றி மாறலாம், வெளியேறவும் தனி அனுமதி வேண்டியதில்லை. அந்தச் சீர்திருத்தத்தில் வீட்டுவேலைக்காரர்கள் சேர்க்கப்படவில்லை.